டோக்கமாக்கில் காந்தத் தீவு: படத்தில் மணிமணியாகத் தெரிவது என்ன?

#1 கண்ணாடிக்குடுவை

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள் சுழலும் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி வந்து, "அப்படின்னா பிளாஸ்மாவைக் காந்தமே பிடிச்சு வச்சுக்குமே டீச்சர், அப்புறம் ஏன் ஃபியூஷன் உலை இன்னும் வரலை?" என்று கேட்டாள். படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். தேடும்போது ஒரு குறுக்குவெட்டுப் படம் கண்ணில் பட்டது. வெங்காயத்தை நறுக்கினால் தெரிவதுபோல வளையத்துக்குள் வளையமாக எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் வளையம் பிய்ந்து, அவரைக்கொட்டைகளைக் கோத்து வைத்த மாதிரி நிற்கிறது. 'காந்தத் தீவுகள்' என்று போட்டிருந்தார்கள்.

தீவு என்றால் அங்கே பிளாஸ்மா இருக்கிறதா, இல்லையா? அத்தனை வளையங்கள் இருக்க, அந்த ஒன்றில் மட்டும் ஏன் வந்தது? சமன்பாடு வந்தாலும் பரவாயில்லை, ஆனால் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்ல முடிகிற மாதிரி வேண்டும்.

#2 சந்தேகம்

நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது, பிளாஸ்மா அங்கங்கே குளிர்ந்து கட்டிதட்டிப் போவதைத்தான் தீவு என்கிறார்கள் என்று. தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

#3 புலக்கோடு

கட்டி இல்லை. தீவுக்குள்ளும் பிளாஸ்மா இருக்கிறது, வெளியே இருப்பதைப் போலவேதான். மாறிப்போனது காந்தப்புலக் கோடுகள் போகிற பாதை. முனைவர் பட்டத்துக்கு இதையொட்டித்தான் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கமாக் என்பது பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவை, காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்து வைக்கும் கருவி. அதில் இரண்டு புலங்கள் சேர்கின்றன. வெளியே நிற்கும் சுருள்கள் வளையத்தின் நீளவாக்கில் ஒரு புலத்தைத் தருகின்றன. பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் குறுக்குவாக்கில் இன்னொன்றைத் தருகிறது. இரண்டும் கூடும்போது கோடு முறுக்கிக்கொண்டு போகும். இதைக் கையால் செய்து பார்த்துவிடலாம் டீச்சர். பழைய டூவீலர் டியூப் ஒன்றில் காற்றடித்துக்கொள்ளுங்கள், ஒரு கம்பளி நூலை எடுத்து டியூபின் வெளி விளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். டியூபின் நீளத்தில் ஒரு முழுச் சுற்று போவதற்குள் நூல் மெல்ல மேற்பக்கமாக ஏறி உள் விளிம்புக்கு வந்துவிட வேண்டும். அப்படியே இரண்டாவது சுற்றில் அடிப்பக்கமாக இறங்கி வெளி விளிம்புக்குத் திரும்ப வேண்டும். வழுக்கும், அங்கங்கே டேப் போடுங்கள். சரியாகச் செய்தால் நூல் கிளம்பிய இடத்திலேயே வந்து முட்டும். நீளத்தில் 2 சுற்று, குறுக்கில் 1 சுற்று. இந்த விகிதத்துக்குத்தான் க்யூ என்று பெயர், பாதுகாப்புக் காரணி என்றும் சொல்வார்கள். இங்கே க்யூ 2.

இப்போது நூலை இன்னும் கொஞ்சம் சோம்பலாக ஏற்றுங்கள், இரண்டு சுற்று முடிந்தும் கிளம்பிய இடம் வரவில்லை, ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. தொடர்ந்து சுற்றினால் அடுத்த முறை இன்னொரு விரற்கடை தள்ளும். க்யூ விகிதமுறா எண்ணாக இருந்தால் அந்த நூல் என்றைக்குமே தன்னோடு வந்து சேராது, டியூப் முழுவதையும் போர்த்திவிடும். நல்ல காந்தப் பரப்பு என்பது இதுதான், ஒரே கோடு போர்த்திய ஒரு தோல். வெங்காயத்தில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு வளையமும் அப்படி ஒரு தோல். மையத்தில் க்யூ 1-க்குப் பக்கத்தில் இருக்கும், விளிம்புக்குப் போகப் போக 3, 4 என்று ஏறும். அப்படி ஏறும் வழியில் 3/2, 2 போன்ற எளிய பின்னங்களைத் தாண்டாமல் போக முடியாது. சிக்கல் அந்த இடங்களில்தான்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அதே கட்டத்தில் லேசாகத் தள்ளினால் ஆட்டம் பெரிதாகும், கண்டபடி தள்ளினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். புலத்தில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது என்று வையுங்கள், சுருள் ஒன்று சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. போர்த்துகிற கோடு அந்தப் பிசகை எல்லாக் கோணத்திலும் சந்திக்கிறது, மொத்தத்தில் சரியாகிவிடும். க்யூ 2-இல் இருக்கும் கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பக்கமாகத் தள்ளு வாங்குகிறது. அது சேர்ந்துகொண்டே போய்ப் பரப்பு அறுந்து, அறுந்த முனைகள் பக்கத்துப் பரப்பின் முனைகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் உண்டாகும் வடிவம்தான் உங்கள் அவரைக்கொட்டை. அதற்குள்ளும் ஒரு குட்டி வெங்காயம் இருக்கும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

#4 கண்ணாடிக்குடுவை

பெரிதாக்கிப் பார்த்தேன், இருக்கிறது! ரொம்ப நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். க்யூ 2 என்று போட்ட படத்தில் இரண்டு கொட்டைகள் தெரிகின்றன. அப்படியானால் இரண்டு தீவுகளா?

#5 புலக்கோடு

வெட்டிப் பார்ப்பதால் இரண்டாகத் தெரிகிறது. ஒரு கொட்டைக்குள் புகுந்து கோட்டோடு கூடவே நடந்தால், நீளத்தில் ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு கொட்டைக்குள் வந்து நிற்பீர்கள். அடுத்த சுற்றில் பழைய கொட்டைக்கே திரும்பிவிடுவீர்கள். ஆக ஒரே குழாய்தான், இரண்டு முறை வளைந்து தன்னையே வந்து சேர்கிறது. அறிமுகக் கட்டுரைகளில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தம், ஏனென்றால் தீவு என்ற பெயரே தனித்தனியாக மிதக்கும் துண்டுகள் என்று நினைக்க வைத்துவிடுகிறது.

இது எதற்குக் கெடுதல் என்றால், வெப்பம் கோட்டின் வழியே ஓடும் வேகத்துக்கும் கோட்டைக் குறுக்காகக் கடக்கும் வேகத்துக்கும் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். 10 கோடி டிகிரியில் எலெக்ட்ரான் நொடிக்கு ஏறக்குறைய 40000 கிலோமீட்டர் பாய்கிறது. பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் உலையின் வளையத்தை ஒரு முறை சுற்றிவர சுமார் 39 மீட்டர், ஆக ஒரு மைக்ரோ நொடியில் ஒரு சுற்று. தோல்கள் ஒழுங்காக இருக்கும்வரை இந்த ஓட்டத்தால் கெடுதல் இல்லை, எத்தனை முறை சுற்றினாலும் அதே தோலில்தான் சுற்றுகிறது. தீவு வந்ததும் அந்தக் கோடு தீவின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் போகிறது, அங்கிருந்து திரும்புகிறது. சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் வயர் போட்டு ஷார்ட் அடித்த மாதிரி. தீவின் அகலம் முழுக்க வெப்பநிலை ஒரே மட்டமாகிவிடும்.

#6 சந்தேகம்

என் கட்டி விளக்கம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு மீட்டர் ஆரமுள்ள பிளாஸ்மாவில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே மட்டமாகிவிட்டால் என்ன நஷ்டம்? மீதி 190 சென்டிமீட்டர் சரியாகத்தானே இருக்கிறது?

#7 புலக்கோடு

சரியான கேள்வி. மலைச்சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் உலையின் சுவர், உச்சி பிளாஸ்மாவின் மையம். நடுச்சரிவில் ஒரு சமதளம் வெட்டினால், உச்சி அதே உயரத்தில் நிற்க வேண்டுமென்றால் மீதிச் சரிவு இன்னும் செங்குத்தாக வேண்டும். பிளாஸ்மா அதற்குச் சம்மதிக்காது, ஒரு அளவுக்கு மேல் செங்குத்தானால் கொந்தளிப்பு அதிகமாகி வெப்பத்தைக் கசிய விட்டுவிடும். ஆக உச்சிதான் இறங்கும். மையத்தின் வெப்பநிலையும் அழுத்தமும்தான் இணைவு (ஃபியூஷன்) வினையின் அளவைத் தீர்மானிக்கின்றன, அதனால் நடுவில் போன பத்து சென்டிமீட்டர் நேராக உலையின் திறனில் கை வைக்கிறது.

அப்புறம் அந்தப் பத்து சென்டிமீட்டருக்கு எவ்வளவு பிசகு போதும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டேன். தீவின் அகலம் பிசகின் வர்க்கமூலத்தோடு போகும். ஈட்டர் அளவுள்ள உலையில், க்யூ 2 பரப்பில், முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகு இருந்தால் போதும், பத்து சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. வர்க்கமூலம் என்பதால் பிசகை நூறில் ஒன்றாகக் குறைத்தால்தான் தீவு பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஈட்டரில் இந்தப் பிசகைச் சரிக்கட்டுவதற்கென்றே 18 திருத்தச் சுருள்கள் வைக்கிறார்கள்.

#8 விண்கல்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், நூல் சுற்றும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எங்கள் வானியலில் இருக்கும் அதே கதை! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சிறுகோள் பட்டை இருக்கிறதே, அதில் சூரியனிலிருந்து எந்தத் தொலைவில் எத்தனை சிறுகோள்கள் என்று வரைந்தால் சில இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். 2.5 வானியல் அலகில் ஒரு இடைவெளி, வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் அங்கே இருப்பது மூன்று முறை சுற்றிவிடும். 3.27-இல் இன்னொன்று, அங்கே இரண்டுக்கு ஒன்று. கிர்க்வுட் இடைவெளிகள் என்று பெயர். அங்கேயும் எளிய பின்னம்தான், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வியாழனின் தள்ளு.

இரண்டுக்கும் அடியில் இருப்பது கோல்மோகோரோவ், ஆர்னால்ட், மோசர் மூவரும் 1954-லிருந்து 60-களின் தொடக்கம்வரை நிறுவிய தேற்றம். சின்னத் தள்ளுக்கு எந்தப் பரப்பு தாக்குப்பிடிக்கும், எது உடையும் என்று அது சொல்கிறது. பின்னத்திலிருந்து எவ்வளவு தூரமாக இருக்கிறதோ அவ்வளவு தாக்குப்பிடிக்கும். எளிய கணித மாதிரி ஒன்றில் கடைசிவரை உடையாமல் நிற்பது தங்க விகிதத்தைச் சேர்ந்த பரப்பு என்று 1979-இல் காட்டியவர் ஜான் கிரீன், அவர் பிரின்ஸ்டனில் பிளாஸ்மா ஆய்வில் இருந்தவர். எளிய பின்னங்களால் நெருங்க ஆகக் கடினமான எண் அதுதான் என்பதால்.

#9 புலக்கோடு

விண்கல், அருமை. நான் சொல்ல மறந்ததைச் சேர்த்துவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்துப் பின்னங்களில் இரண்டு தீவுச் சங்கிலிகள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டால், இடையில் இருந்த தோல்கள் எல்லாம் சிதைந்து கோடு கண்டபடி அலையத் தொடங்கும். ரஷ்ய இயற்பியலாளர் சிரிகோவ் சொன்ன அளவுகோல் இது. அதன்பின் அந்தப் பகுதியில் வெப்பத்தைத் தடுக்க எதுவும் கிடையாது.

#10 சுருள்கம்பி

நான் படித்தது மின்னியல், பல வருடம் ஒரு சின்ன டோக்கமாக்கில் அளவீட்டுப் பிரிவில் இருந்தேன். தீவைக் கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டிருக்கிறேன். அதை எழுதுகிறேன்.

வெற்றிடக் கலனுக்குள் சுவரையொட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சுருள்கள் இருக்கும், மிர்னோவ் காயில் என்போம். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பீங்கான் உருளை, அதில் மெல்லிய கம்பி பல அடுக்காகச் சுற்றியிருக்கும், அவ்வளவுதான். புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் வரும். தீவு பிளாஸ்மாவோடு சேர்ந்து சுழல்வதால், ஒவ்வொரு முறை அது சுருளைக் கடக்கும்போதும் ஒரு ஏற்ற இறக்கம். எங்கள் கருவியில் அது சில கிலோஹெர்ட்ஸ் இருந்தது. ஒரு ஷாட், அதாவது பிளாஸ்மாவை ஒரு முறை ஓட்டுவது, மொத்தமே நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதனால் பதிவை மெதுவாக்கி ஸ்பீக்கரில் போட்டால்தான் காதுக்குப் பிடிபடும்.

முதலில் இரைச்சல் மட்டும். பிறகு அதற்குள்ளிருந்து சீரான ஒரு ஸ்வரம் எழும், மெல்ல உரக்கும். உரக்க உரக்க ஸ்வரம் கீழே இறங்கும், கார் நிற்கும்போது எஞ்சின் சத்தம் இறங்குமே அந்த மாதிரி. தீவு பெரிதாகும்போது கலனின் சுவரில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு அதை இழுத்துப் பிடிக்கிறது. கடைசியில் சுத்தமாக அடங்கிவிடும். புதிதாக வந்த ஒருவர் முதல் தடவை கேட்டபோது "சரியாயிடுச்சு" என்றார். சரியாகவில்லை. தீவு சுழல்வதை விட்டு ஓரிடத்தில் பூட்டிக்கொண்டது, புலம் மாறாததால் சுருளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அமைதிக்குப் பின் சில மில்லி நொடிகளில் பிளாஸ்மா மொத்தமாகச் சரிந்து வெப்பம் சுவரில் கொட்டும். டிஸ்ரப்ஷன் என்பது அதுதான். எங்கள் சின்னக் கருவியில் அடுத்த ஷாட் போட்டுவிடலாம். 15 மெகா ஆம்பியர் மின்னோட்டம் ஓடப்போகும் ஈட்டரில் அப்படி விட முடியாது.

தீவில் எத்தனை கொட்டைகள் என்று கண்டுபிடிப்பதும் இந்தச் சுருள்களை வைத்துத்தான், அடுத்தடுத்த சுருளில் அலை எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்து. ஒரு முறை எந்தக் கணக்கிலும் அடங்காத எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் கோட்பாட்டுக்காரர்களும் நாங்களும் மாறி மாறி மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் ஐந்தாவது சுருளின் இரண்டு வயர்களும் இணைப்புப் பலகையில் மாற்றிச் செருகப்பட்டிருந்தன. அந்தச் சுருளில் மட்டும் அலை தலைகீழாக வந்திருக்கிறது. அதிலிருந்து எந்த அளவீட்டுக்கும் முன்னால் தெரிந்த மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி ஒவ்வொரு சுருளின் திசையையும் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கமானது.

#11 கண்ணாடிக்குடுவை

சுருள்கம்பி அண்ணா, அந்த ஸ்வரம் இறங்கி அடங்கும் இடத்தை வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன். மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு கேள்வி. பிசகைத் திருத்தச் சுருள் வைத்துச் சரிசெய்துவிட்டால் தீவு வராதா?

#12 புலக்கோடு

வரும். பிளாஸ்மா தானே உண்டாக்கும்.

முதல் வகை கிழிவு நிலையின்மை. பிளாஸ்மாவுக்கு மின்தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால் புலக்கோடுகள் அறுந்து ஒட்டவே முடியாது. ஆனால் தடை கொஞ்சமாவது இருக்கிறது. 10 கோடி டிகிரியில் பிளாஸ்மா செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், அப்படியும் அந்த மிச்சசொச்சத் தடை போதும் என்று 1963-இல் ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் மூவரும் காட்டினார்கள். மின்னோட்டம் பரவியிருக்கும் விதம் சாதகமாக இருந்தால், யாரும் தள்ளாமலே பரப்பு கிழியும்.

இரண்டாவது வகைதான் இன்று எங்களுக்குப் பெரிய தலைவலி. வளைய வடிவப் பிளாஸ்மாவில் மையத்துக்கும் விளிம்புக்கும் அழுத்த வித்தியாசம் இருந்தாலே, கோட்டின் வழியே தானாக ஒரு மின்னோட்டம் பிறக்கிறது, பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் என்று பெயர். நல்ல விஷயம்தான், வெளியிலிருந்து ஓட்ட வேண்டிய மின்னோட்டம் அந்த அளவுக்கு மிச்சம். ஆனால் தீவு ஒன்று எப்படியோ வந்துவிட்டால் அதற்குள் வெப்பநிலை ஒரே மட்டமாகிவிடும் என்று பார்த்தோமே, அதோடு அழுத்தமும் மட்டமாகிவிடும். அழுத்தச் சரிவு இல்லையென்றால் அங்கே பூட்ஸ்ட்ராப் மின்னோட்டமும் இல்லை. சுற்றிலும் ஓடுகிறது, தீவின் வடிவத்துக்கு மட்டும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை உண்டாக்கும் புலம் சரியாகத் தீவை அகலப்படுத்தும் திசையில் அமைந்துவிடுகிறது. அகலமானால் ஓட்டை பெரிதாகும், ஓட்டை பெரிதானால் அகலமாகும். 80-களிலேயே கோட்பாட்டில் சொல்லிவிட்டார்கள், பிரின்ஸ்டனின் டிஎஃப்டிஆர் கருவியில் பார்த்ததை 1995-இல் வெளியிட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அழுத்தம் கூடக் கூடத்தான் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டமும் கூடும். உலை நன்றாக ஓட ஓட ஆபத்து ஏறும். ஒரே ஆறுதல், இது ஒன்றுமில்லாததிலிருந்து கிளம்பாது, ஒரு விதைத் தீவு வேண்டும். அதைப் பெரும்பாலும் மையத்தில் க்யூ 1-இல் நடக்கும் ரம்பப்பல் அதிர்வு (மையத்தின் வெப்பநிலை மெல்ல ஏறிச் சட்டென்று விழுவது) தந்துவிடுகிறது.

வைத்தியமும் இந்தக் காரணத்திலிருந்தே பிறக்கிறது. எந்த மின்னோட்டம் காணாமல் போனதோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் சுழலும் அதிர்வெண் ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் (டீச்சர், உங்கள் பாடத்தில் இருக்கும் அதே சூத்திரம்). அதற்கு ஒத்த நுண்ணலையைக் கற்றையாக அனுப்பினால் அந்தப் புலம் இருக்கும் இடத்தில் மட்டும் எலெக்ட்ரான்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும், சாய்வாக அனுப்பினால் மின்னோட்டமும் ஓடும். கற்றையைப் பிரதிபலிக்கும் கண்ணாடியைத் திருப்பி, அது தீவின் நடுவில் விழும்படி செய்ய வேண்டும். ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட், அமெரிக்காவின் டி-3-டி, ஜப்பானின் ஜேடி-60யூ மூன்றும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படித் தீவை அடக்கிக் காட்டின. ஈட்டருக்கு ஆளுக்கு ஒரு மெகாவாட் தரும் 170 கிகாஹெர்ட்ஸ் கைரோட்ரான்கள் (நுண்ணலை உண்டாக்கும் குழாய்கள்) 24 என்று வடிவமைத்தார்கள், அதில் இரண்டு இந்தியாவின் பங்கு. மேற்பக்கத்திலிருந்து கற்றையை விடும் அமைப்புகளின் முக்கிய வேலையே 3/2, 2 இரண்டு பரப்புகளையும் குறிபார்ப்பதுதான். சில சென்டிமீட்டர் தவறினால் மின்சாரம் வீண், தீவுக்கு ஒன்றும் ஆகாது.

#13 சந்தேகம்

இவ்வளவும் பிளாஸ்மாவில் மின்னோட்டம் ஓட்டுவதால் வருகிற வினை என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்டெல்லரேட்டர் என்ற இன்னொரு வகை வளைய உலையில் அந்த மின்னோட்டமே வேண்டாம், முறுக்கை வெளிச்சுருள்களே கொடுத்துவிடும். அங்கே போய்விட்டால் தீவுத் தொல்லை தீர்ந்ததல்லவா? இத்தனை பணத்தையும் ஏன் டோக்கமாக்கில் கொட்டுகிறார்கள்?

#14 சுருள்கம்பி

தம்பி, டிஸ்ரப்ஷன் தொல்லை பெருமளவு போகும், அது உண்மை. தீவுத் தொல்லை போகாது. பூட்டிக்கொள்ளும் கதை இல்லாவிட்டாலும், சுருள் தள்ளி உட்கார்ந்தால் வரும் தீவு அங்கேதான் இன்னும் மோசம். டோக்கமாக்கில் வளையத்தைச் சுற்றி நிற்பவை தட்டையான, ஒரே மாதிரிச் சுருள்கள். ஸ்டெல்லரேட்டரின் சுருள் ஒவ்வொன்றும் நசுங்கிய வளையல் மாதிரி முப்பரிமாணத்தில் நெளிந்திருக்கும். அதை அச்சுப் பிசகாமல் செய்வதும் பொருத்துவதும் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு, பிரின்ஸ்டனில் பாதி கட்டிய என்சிஎஸ்எக்ஸ் ஸ்டெல்லரேட்டர் 2008-இல் கைவிடப்பட்டதே சாட்சி. செலவு எகிறியதற்கு அந்தத் துல்லியமும் ஒரு காரணம்.

#15 புலக்கோடு

இதில் நான் சுருள்கம்பி அண்ணாவோடு பாதிதான் ஒத்துப்போகிறேன், ஏனென்றால் அதே துல்லியத்தை ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் சாதித்துக் காட்டிவிட்டார்கள். அங்கே இருக்கும் ஸ்டெல்லரேட்டரின் பெயர் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ். மொத்தம் 70 மீக்கடத்திச் சுருள்கள், அதில் 50 நெளிந்தவை. முதல் பிளாஸ்மா 2015 டிசம்பர் 10 அன்று. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் முன்னால் செய்த சோதனை.

கலனில் பிளாஸ்மா இல்லை, வெற்றிடம், காந்தப்புலம் மட்டும். ஓர் எலெக்ட்ரான் துப்பாக்கியிலிருந்து நூல் மாதிரி மெல்லிய கற்றையை விடுகிறார்கள், அது புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வேறோர் இடத்தில், ஒளிரும் பூச்சுப் பூசிய ஒரு மெல்லிய கோலைக் கலனின் குறுக்கே மெதுவாக வீசுகிறார்கள். கற்றை கோலில் படும் இடமெல்லாம் ஒரு புள்ளி மின்னும். இருட்டில் கேமராவைத் திறந்து வைத்திருந்தால் புள்ளிகள் சேர்ந்து ஒரு வளையமாகப் படத்தில் விழும். துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த வளையம். இது கணினி வரைந்த படம் அல்ல டீச்சர், உண்மையான புலத்தின் புகைப்படம். ஓரத்தில் தீவுகள் அச்சு அசலாகத் தெரியும்.

பிறகு ஒரு நுட்பம் செய்தார்கள். சுருள்களின் மின்னோட்டத்தை மாற்றி, சின்னப் பிசகு இருந்தாலும் ஒரு தீவு முளைத்துக் காட்டிக்கொடுக்கும்படியான ஒரு பின்னத்தைப் பிளாஸ்மா பகுதிக்குள் வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். முளைத்த தீவின் அகலத்தை அளந்து பிசகு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2016-இல் வெளியிட்டார்கள். வர்க்கமூலம் என்பதால் எங்களுக்குப் பயம் என்று மேலே சொன்னேனே, அதையே இவர்கள் உருப்பெருக்கியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். லட்சத்தில் ஒரு பங்கை நேரடியாக அளப்பது மிகவும் கடினம், அது உண்டாக்கிய தீவோ சென்டிமீட்டர் கணக்கில் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே உலையில் தீவுக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டெல்லரேட்டர்காரர்கள் க்யூ-வைத் தலைகீழாகப் போட்டு எழுதுவார்கள், அதன் பெயர் அயோட்டா. வழக்கமான அமைப்பில் உட்பகுதி முழுவதும் அயோட்டா 5/6-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் எளிய பின்னம் எதுவும் இல்லை, பெரிய தீவுக்கு வழியில்லை. சரியாக 1 வருவது விளிம்பில். அங்கே ஐந்து தீவுகள், முன்னே சொன்ன மாதிரி ஒரே குழாய் அல்ல, தனித்தனியாக ஐந்து. பிளாஸ்மாவிலிருந்து கசிந்து வெளியே வரும் வெப்பமும் துகள்களும் இந்தத் தீவுகளின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போய், அவற்றை வாங்கிக்கொள்ளவே வைத்திருக்கும் டைவர்ட்டர் தகடுகளில் விழுகின்றன. வேலிக்கு வைத்த வாசல் மாதிரி. அழுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீவு தீர்மானிக்கிறது. 2023 பிப்ரவரியில் 8 நிமிடம் தொடர்ந்து ஓட்டி 1.3 கிகாஜூல் ஆற்றலைச் செலுத்தி வெளியே எடுத்தார்களே, அதைத் தாங்கியது தீவு வழியாகப் போகும் இந்த அமைப்புதான்.

#16 சுருள்கம்பி

துல்லியம் விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன், கிரைஃப்ஸ்வால்ட் செய்தது பெரிய சாதனை. ஆனாலும் அந்த வாசல் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். விளிம்பில் அயோட்டா சரியாக 1 இருக்கும்வரைதான் தீவு தகட்டுக்கு நேராக இருக்கும். பிளாஸ்மா சூடேறி ஓட ஓடச் சின்ன பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் பல நொடிகளில் மெதுவாகச் சேர்ந்து அயோட்டாவை நகர்த்திவிடும். தீவு நகரும், வெப்பம் விழும் கோடும் தகட்டில் நகரும். அதனால்தான் அந்த உலையை வடிவமைக்கும்போதே பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் ஆகக் குறைவாக இருக்கும்படி சுருள்களின் வடிவத்தைத் தேடினார்கள். அந்த நெளிவுகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

#17 விண்கல்

ஜப்பானில் எல்எச்டி ஸ்டெல்லரேட்டரில் தீவு தானாகவே ஆறிப்போனதாக 2001-இல் ஒரு கட்டுரை வந்ததே, அது எப்படி?

#18 புலக்கோடு

வெளிச்சுருளால் வேண்டுமென்றே ஒரு தீவை உண்டாக்கிவிட்டு பிளாஸ்மாவை ஏற்றினார்கள், சில சூழல்களில் பிளாஸ்மா தன் மின்னோட்டத்தால் அந்தப் பிசகை எதிர்த்துத் தீவை மூடிவிட்டது. டோக்கமாக்கில் அதே பிளாஸ்மா ஓட்டையை அகலப்படுத்துகிறது, இங்கே ஆற்றுகிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது அழுத்தம், சுழற்சி, அயோட்டா எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று பலதைப் பொறுத்தது. நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பதும் இதையொட்டித்தான், அதனால் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

டோக்கமாக் பக்கமும் நம்பிக்கை போய்விடவில்லை, சந்தேகம் நண்பருக்காகச் சொல்கிறேன். 2024-இல் பிரின்ஸ்டன் குழு டி-3-டியில் செய்தது, கிழிவு வருவதை 300 மில்லி நொடி முன்னதாகவே கணிக்கும்படி ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்து, வந்தபின் அடக்குவதற்குப் பதிலாக, வராதபடி சூடேற்றும் கற்றையின் திறனையும் பிளாஸ்மாவின் வடிவத்தையும் ஓடும்போதே மாற்றிக்கொண்டு போவது. சுருள்கம்பி அண்ணா கேட்ட அந்த ஸ்வரம் எழுவதற்கே முன்னால்.

#19 சந்தேகம்

சரி, ஒரு இயந்திரத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தது தப்பு. எங்கே போனாலும் பின்னங்கள் கூடவே வருகின்றன.

#20 கண்ணாடிக்குடுவை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அந்த மாணவியும் இன்னும் நான்கு பிள்ளைகளும் வந்தார்கள், பஞ்சர் கடையில் ஒரு பழைய டியூப் வாங்கி வைத்திருந்தேன். க்யூ 2-க்குச் சிவப்பு நூல், இரண்டு சுற்றில் வந்து முட்டிவிட்டது, டியூபில் மற்ற இடமெல்லாம் கறுப்பாக வெறுமையாகவே கிடந்தது. அடுத்து மஞ்சள் நூலைச் சோம்பலாக ஏற்றினோம். பதினோரு சுற்று போயும் முட்டவில்லை, நூல்கண்டு தீர்ந்துவிட்டது.

அவள் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சாக்பீஸ் எடுத்து ஓரிடத்தில் புள்ளி வைத்தாள். "இங்கதான் சுருள் பிசகியிருக்குன்னு வச்சுக்கலாம் டீச்சர். சிவப்பு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இதே தூரத்துலதான் கடக்குது. மஞ்சள் ஒவ்வொரு தடவையும் வேற தூரத்துல போகுது" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு 3/2-க்கு நூல் எப்படிச் சுற்றுவது என்று கேட்டாள், மூன்று சுற்றுக்கு இரண்டு என்று விரலால் டியூபின் மேல் வரைந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை பச்சை நூல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.